ஒழுகும் கூரைக்கு டேசிப் பூ

கூரை ஒழுகுகிறது என்று சொன்னவர்களைப் பூச்செடி நடச் சொன்ன புண்ணியவான்கள் உலகத்தில் வேறெங்கும் உண்டோ என்னவோ, அட்டன் பக்கத்து ஆத்தடித் தேயிலைத் தோட்டத்தில் இருந்தார்கள். தோட்டத்தை அரசாங்கம் எடுத்து நாலைந்து வருசம் ஆகியிருந்தது. வெள்ளைக்காரத் துரை போய் நாட்டுத் துரை வந்தார். ஆபீஸ் வாசல் பலகை மாறியது, ஜீப்பின் நிறம் மாறியது, துரைக்குச் சலாம் போடும் முறைகூடக் கொஞ்சம் மாறியது. ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் கூரைத் தகரம் மட்டும் வெள்ளைக்காரன் போட்டது போட்டபடி துருவேறிக் கிடந்தது. நன்றி மறவாத நிருவாகம்.

மேல் லயத்தில் மூன்றாவது காம்பரா றோசலினுடையது. காம்பரா என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரே ஓர் அறை, அதற்கு முன்னால் இஸ்தோப்பு என்று ஆள் நீட்டிப் படுக்க முடியாத ஒரு தாழ்வாரம், அவ்வளவுதான். றோசலின் மலையில் கொழுந்தெடுப்பவள். புருசன் செபஸ்தியாம்பிள்ளை தேயிலைப் பெக்டரியில் வேலை. மழை பிடித்துவிட்டால் அவர்கள் வீட்டுச் சட்டிபானை அத்தனையும் சமையல் வேலையை விட்டுவிட்டு ஒழுகல் பிடிக்கும் வேலைக்குப் போய்விடும். அப்படியே இருபது வருசம் ஓட்டியவள்தான் அவள். ஒருநாளும் ஆபீசுக்குப் போய் நின்றவள் இல்லை.

அந்த வருசம் மட்டும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. ராகலைப் பக்கம் கட்டிக்கொடுத்த ஒரே மகள் மரியநாயகி முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? ஆனி மாதம் பிள்ளை பிறக்கும் என்று கணக்கு. ஆனி மாதத்தில் அட்டன் பக்கம் மழை எப்படிப் பெய்யும் என்று தெரியாதவர்கள் யாராவது இருந்தால் வந்து ஒரு வாரம் தங்கிப் பார்க்கலாம். குடை கொண்டுவர வேண்டாம், பிரயோசனமில்லை.

மகளின் மாமியார் தெரேசா நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்துமசுக்கு, வந்திருந்தாள். வந்த அன்றைக்கென்று பிசாசு பிடித்த ஒரு மழை. றோசலின் பால் டீ ஊற்றி மரியாதையாகக் கையில் கொடுத்தாள். தெரேசா வாயருகே கொண்டுபோனதுதான் தாமதம், மேலேயிருந்து ஒரு துருச்சொட்டு குறிபார்த்த மாதிரி டீக்குள் விழுந்தது. தெரேசா கிளாசைக் கீழே வைத்தாள்.

"எங்க ஊட்டுல கோழிக்கூடுகூட ஒழுகாது சம்பந்தி," என்றாள். "மாசமா இருக்கிற புள்ளய இந்தத் தண்ணித் தொட்டிக்குள்ள எப்படிங்க அனுப்புறது? கூரைய மாத்துங்க, நானே கொண்டாந்து விடுறேன். இல்லாட்டி அங்கயே பொறக்கட்டும். எங்களுக்கு ஒண்ணும் பாரமில்ல."

அந்தக் கடைசி வார்த்தைதான் றோசலினுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பெற்றெடுத்த ஒரே மகளைத் தலைப்பிரசவத்துக்குக் கூப்பிட்டுக்கொள்ள வக்கில்லாதவள் என்று ராகலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவாளே! சம்பந்தி ராகலைக்கு பஸ் பிடித்துப் போவதற்குள் செபஸ்தியாம்பிள்ளையை ஆபீசுக்குத் துரத்தினாள். ஆபீசில் "பார்ப்போம்" என்றார்கள். பார்ப்போம் என்பது தோட்ட ஆபீசில் கொடுக்கும் மருந்து. எல்லா நோய்க்கும் அது ஒன்றுதான்.

தை பிறந்தது. ஒரு நாள் காலைப் பெரட்டில், ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொடுக்கிற நேரத்தில், நலன்புரி ஐயா றோலண்ட் வந்து நின்றார். கழுத்தில் டை, காலில் பளபளக்கிற சப்பாத்து. அட்டைக்குப் பயந்து ஒருநாளும் தேயிலைக்குள் கால் வைக்காதவர். ஆட்களின் நலனை றோட்டில் நின்றபடியே பார்த்துக்கொள்ளும் வித்தை படித்தவர்.

"எல்லாரும் கேட்டுக்குங்க," என்றார். "வெளிநாட்டுக்காரங்க லயங்களுக்கு உதவி செய்யப் போறாங்க. ஈஸ்டருக்கு முந்தி ஒரு அம்மா வந்து பாப்பாங்க. ஒரு லயத்துக்கு முழுசாப் புதுத் தகரம். எந்த லயம்னு அந்த அம்மாதான் சொல்லுவாங்க. அழகா, பூவும் செடியுமா இருக்கிற லயத்துக்குத்தானே குடுப்பாங்க? அசிங்கமா இருக்கிற எடத்துக்கு யாராச்சும் குடுப்பாங்களா?"

ஆட்கள் தலையை ஆட்டினார்கள். மறுக்க என்ன இருக்கிறது? தலைமுறை தலைமுறையாக அவர்கள் கண்ணால் கண்டது அதுதானே. பூந்தோட்டம் இருக்கிற பங்களாவுக்கு வருசா வருசம் பெயின்ட் அடிப்பார்கள், ஓடு மாற்றுவார்கள். பூ இல்லாத லயத்தை எட்டிப் பார்க்க நாதியில்லை. பூ உள்ள இடத்துக்குத்தான் கூரை என்று அவர்கள் கணக்குப் போட்டதில் தப்பே கிடையாது. தோட்டமே வாத்தியாராக இருந்து இப்படிப் பாடம் நடத்தினால், பிள்ளைகள் வேறு எப்படிப் படிக்கும்?

"என்ன பூங்க ஐயா நடணும்? செவ்வந்தி நட்டாப் போதுமா?" என்று கேட்டாள் றோசலின்.

"செவ்வந்தியா? அது கோயிலுக்கு. அந்த அம்மா ஊருல டேசிதான் பூக்கும். பாத்ததும் அவங்களுக்குச் சொந்த ஊரு ஞாபகம் வரணும். பங்களாவுல துரைசாணி வெட்டித் தருவாங்க. எல்லாரும் வாங்கிக்குங்க." பிறகு, முந்தின நாள் பங்களாப் புத்தகத்தில் படம் பார்த்த ஞானத்தில் விளக்கவும் தொடங்கினார். "டேசிய அடையாளம் கண்டுபிடிக்கிறது லேசு. நடுவுல மஞ்சக் கண்ணு, சுத்தி வெள்ளை இதழ். அவ்வளவுதான். ஆனா ஒரு விசயம், நாம ஒரு பூன்னு நினைக்கிறோமே, அது ஒரு பூ இல்ல. நடுவுல இருக்கிற ஒவ்வொரு மஞ்சப் புள்ளியும் தனித்தனிப் பூ. சுத்தி நிக்கிற வெள்ளையும் ஒவ்வொண்ணும் ஒரு பூ. நூறு எரநூறு பூ நெருக்கிக்கிட்டு ஒண்ணா இருக்கு."

"ஒரே எடத்துல அத்தன குடும்பமா?" என்றாள் கூட்டத்தில் நின்ற வீரம்மா. "அப்ப அதுவும் லயந்தாங்க ஐயா."

பெரட்டே சிரித்தது. வீரம்மா கீழ் லயத்துக்காரி. றோசலினுக்கு மூத்தவள், கொழுந்து நிரையில் பக்கத்து ஆள். அவள் வாய்க்குப் பயந்து கங்காணியே சுற்றுவழியாகப் போவார்.

பங்களாவில் துரைசாணி டேசிச் செடிகளிலிருந்து விரல் நீளக் கிளைகளாக வெட்டிக் கொடுத்தார். வீரம்மா போகவே இல்லை. "எனக்குச் சோத்துக்கே நேரமில்ல, இதுல பூவுக்குத் தண்ணி ஊத்தவா?" என்றுவிட்டாள். றோசலின் மடி நிறைய வாங்கிவந்தாள். மேல் லயத்து மற்ற வீட்டுக்காரர்களும் ஆளுக்கு நாலு வாங்கினார்கள். ஒருத்தர் வீட்டுக் கிளையை ஆடு தின்றது, ஒருத்தர் தண்ணீர் ஊற்றி ஊற்றியே அழுகவைத்தார், இன்னொருத்தர் நட்டதையே மறந்துபோனார். கடைசியில் லயத்துக் கூரைப் பாரம் முழுக்க றோசலின் தலையில் வந்து இறங்கியது.

அவள் தேயிலை நாற்று மேடையில் வேலை செய்தவள். கிளையின் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஆற்று மணலும் மாட்டுச் சாணமும் கலந்த மண்ணில் ஊன்றி, வெயில் படாமல் காட்டுப் பெரணி இலையைக் குத்திவைத்தாள். செபஸ்தியாம்பிள்ளை பெக்டரியிலிருந்து கழிவுத் தூள் அள்ளிவந்து போட்டார். துளிர் விட்டதும் குனிந்து பார்த்தவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏ புள்ள, நல்லாப் பாத்தியா? இலை பிசிறு பிசிறா இருக்கு. எனக்கென்னமோ ராகலைக் கேரட்டு மாதிரித் தெரியுது."

"ஆமாங்க, துரைசாணி எனக்குன்னு கேரட்டு வெட்டிக் குடுத்தாங்க. போய் வேலையப் பாருங்க," என்றாள் றோசலின். ஆனாலும் அன்று சாயங்காலம் யாரும் பார்க்காத நேரத்தில் ஓர் இலையைக் கிள்ளி மோந்து பார்த்துக்கொண்டாள். கேரட் வாசம் இல்லை. அப்பாடா.

செடி நன்றாகத்தான் வந்தது. வினை செடியில் இல்லை, அவள் கையில் இருந்தது. பதினாலு வயசிலிருந்து கொழுந்து கிள்ளிய கை அது. பகல் முழுக்கத் தேயிலையில் நுனி நுனியாகக் கிள்ளிவிட்டுச் சாயங்காலம் வந்து டேசிப் பாத்தி ஓரமாகக் குந்துவாள். மரியநாயகிக்கு என்ன பிள்ளை பிறக்கும், ஆம்பளையா பொம்பளையா, தெரேசா இன்னும் என்னென்ன சொல்லுவாள் என்று மனசு எங்கெங்கோ போகும். விரல்கள் அவை பாட்டுக்குத் தெரிந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும். ஒருநாள் மடியைப் பார்த்தால் பச்சைப் பசேலென்று டேசி நுனி ஒரு கைப்பிடி! அதில் பாதியில் மிளகு போல மொட்டு.

"ஐயோ மாதாவே!" என்று அலறினாள். ஓடிப்போய்ப் பாத்தியைப் பார்த்தால் ஒரு செடிக்கும் தலை இல்லை. மட்டக்கம்பு வைத்து எடுத்த தேயிலை போல அத்தனையும் ஒரே மட்டமாக நின்றன. மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அவளே மொட்டையடித்திருக்கிறாள். வெள்ளைக்காரம்மா வர இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. றோசலின் அந்த இடத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மகளின் கட்டிலைத் தன் கையாலேயே தூக்கி ராகலையில் போட்டுவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

கீழ் லயத்தில் அப்போது வேறொரு கூத்து. றோலண்ட் ஐயா பூ தயாராகிவிட்டதா என்று மேற்பார்வை பார்க்க வந்தவர் வீரம்மா வாசலில் நின்றார். அங்கே வீரம்மா எதையும் நடவில்லை, எதையும் பிடுங்கவுமில்லை. முளைத்ததெல்லாம் முளைத்தபடி இடுப்பளவு நின்றது. அதில் முக்கால்வாசி ஊசிக்களை. மலையில் கொழுந்தெடுக்கிற பெண்களின் சேலையில் கறுப்பு ஊசியாக ஒட்டிக்கொண்டு வீடுவரை வருகிற அதே சனியன்தான். அதற்கும் ஒரு பூ உண்டு. சின்னதாக நாலைந்து வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள்.

றோலண்ட் ஐயா குனிந்து பார்த்தார். நடுவில் மஞ்சக் கண், சரி. சுற்றி வெள்ளை, சரி.

"வீரம்மா, நீ பங்களாவுக்கே வரல்லையே? இந்த டேசி எங்க கெடச்சிச்சு?"

வீரம்மா ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். மனுசன் உண்மையிலேயே கேட்கிறார்.

"பரம்பரையா இருக்குதுங்க ஐயா," என்றாள் பயபக்தியோடு. "எங்க பாட்டன் காலத்துச் சாதி. ஒரம்கூடக் கேக்காது."

"நல்ல சாதி. சின்னதாப் பூக்கிற ரகம். இத இப்பிடியே வச்சிக்க, கைபடாமப் பாத்துக்க," என்று சொல்லிவிட்டுப் போனார். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுகிற கதை. அன்று சாயங்காலம் மேல் லயத்துக்கு வந்து வீரம்மா இதைச் சொன்னபோது றோசலினுக்குச் சிரிப்பு வரவில்லை. மொட்டையாக நின்ற பாத்தியைக் காட்டினாள். வீரம்மாவுக்கும் அப்புறம் சிரிப்பு வரவில்லை.

நல்லவேளை, வெளிநாட்டுக்காரர்களும் பெரிய மனிதர்கள்தான். சொன்ன நாளில் வரவில்லை. கொழும்பில் ஏதோ கூட்டமாம், ஈஸ்டர் போய் வைகாசியில் வருவதாகச் சேதி வந்தது. அதற்குள் டேசிப் பாத்தியில் ஓர் அதிசயம் நடந்தது. அதிசயம் என்ன அதிசயம், கவ்வாத்து வெட்டிய தேயிலை என்ன செய்யுமோ அதைத்தான் டேசியும் செய்தது. கிள்ளிய நுனிக்குக் கீழே இரண்டு கிளை விட்டது, அந்த இரண்டையும் கிள்ளியிருந்ததால் நாலாக விட்டது. நட்டபோது விரல் போல இருந்த செடி இப்போது கொழுந்துக்கூடை அளவு உருண்டு திரண்டு நின்றது. வைகாசி பிறந்தபோது அத்தனை நுனியிலும் ஒரே நேரத்தில் பூ வெடித்தது. இலை தெரியவில்லை. மேல் லயத்து முற்றத்தில் யாரோ பட்டு விரித்துக் காயவைத்தது போல ஒரே வெள்ளை. பங்களாவில்கூட அப்படிப் பூத்ததில்லை. துரைசாணி வந்து பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

றோசலின் சம்பந்திக்கு ஆள் விட்டுச் சொல்லியனுப்பினாள்: கூரை வருது, புள்ளயக் கூட்டிட்டு வாங்க.

வெள்ளைக்காரம்மா வந்த அன்று பளிச்சென்ற வெயில். றோசலின் வேலைக்குப் போகவில்லை. வெளியே பூவை ஒழுங்கு செய்த மாதிரியே உள்ளேயும் ஒழுங்கு செய்திருந்தாள். ஒழுகுகிற இடமெல்லாம் சட்டியை வரிசையாக வைத்து, வாசல் கதவை விரியத் திறந்து வைத்தாள். பூவைப் பார்த்ததும் உள்ளே வருவார்கள், உள்ளே வந்ததும் மேலே பார்ப்பார்கள், பார்த்தால் முடிந்தது கதை. இப்படித்தான் அவள் திட்டம்.

ஜீப் நின்றது. நெட்டையாக, வெயிலில் சிவந்துபோன முகத்தோடு அந்த அம்மா இறங்கினார். முழங்கால் வரை பாவாடை, மெல்லிய காலுறை. பின்னால் துரை, அவருக்குப் பின்னால் கைகட்டிக்கொண்டு றோலண்ட் ஐயா. பாத்தியைக் கண்டதும் அந்த அம்மா "ஓ!" என்று நின்றவர், அப்படியே மண்ணில் முழங்கால் போட்டுவிட்டார். பூவைத் தொட்டார், முகத்தோடு வைத்துக்கொண்டார், படத்துக்கு மேல் படம் எடுத்தார். தன் தாயார் வீட்டிலும் இதே பூதானாம். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. றோலண்ட் ஐயாவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோசம்.

"உள்ள வாங்கம்மா," என்றாள் றோசலின்.

"உள்ள எதுக்கு? வெளியதானே பூ இருக்கு," என்று றோலண்ட் ஐயா பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னார், அந்த அம்மாவைப் பார்த்து இங்கிலீசில் சிரித்தார்.

றோசலின் என்ன செய்வாள்? பேசத் தெரிந்த பாசை அந்த அம்மாவுக்குப் புரியாது, புரிகிற பாசை இவளுக்குத் தெரியாது, இரண்டும் தெரிந்த மனுசன் நடுவில் சுவராக நிற்கிறார். கையைத் தூக்கிக் கூரையைக் காட்டினாள். "மேல பாருங்கம்மா, மேல!" என்றாள். அந்த அம்மா முகமெல்லாம் மலர்ந்து, "யெஸ்! யெஸ்!" என்று கேமராவைத் தூக்கி, பூக்களுக்கு நடுவே கையுயர்த்தி நிற்கும் அவளைப் படம் பிடித்தார். பிறகு அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத் திரும்பி நடந்தார். காம்பரா வாசல் விரியத் திறந்தபடியே கிடந்தது.

ஜீப்புக்குப் போகிற குறுக்குப்பாதை கீழ் லயம் வழியாகத்தான். வீரம்மா வாசலை ஒட்டிப் போகையில் அந்த அம்மா, "டேசி?" என்று ஆசையாக இரண்டு எட்டு உள்ளே வைத்தார். வைத்த காலை எடுப்பதற்குள் ஊசிக்களை தன் வேலையைக் காட்டிவிட்டது. காலுறை முழுக்க, பாவாடை விளிம்பு முழுக்கக் கறுப்பு ஊசிகள். நடக்க நடக்கக் குத்துகிறது. அம்மா ஒற்றைக் காலில் நின்று கூவினார். துரை றோலண்ட் ஐயாவைப் பார்த்தார். றோலண்ட் ஐயா தன் நல்ல சாதி டேசியைப் பார்த்தார்.

வீரம்மா வெளியே வந்தாள். "அடக் கடவுளே, இப்பிடியா நிப்பாட்டி வைக்கிறது? உள்ள வந்து ஒக்காருங்கம்மா, நான் பொறுக்கி எடுக்குறேன்," என்று அந்த அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் முக்காலியில் உட்காரவைத்தாள். காலுறையில் ஊசியோடு துரையின் விருந்தாளியை ஜீப்பில் ஏற்ற முடியுமா? யாரும் தடுக்கவில்லை. வீரம்மா கீழே குந்திக் கொழுந்து கிள்ளும் வேகத்தில் ஊசி பொறுக்கினாள். அந்த அம்மாவுக்குச் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் தன் மடியில் வெயில் பொட்டுப் பொட்டாக விழுவது கண்ணில் பட்டது. மேலே பார்த்தார். தகரத்தில் ஓட்டை, ஓட்டைக்குள் வானம். மூலையில் அடுக்கியிருந்த சட்டிகளைப் பார்த்தார். மழையென்று விரலை அசைத்துக் காட்டிக் கேட்டார். வீரம்மா ஒவ்வொரு ஓட்டைக்கும் கீழே ஒவ்வொரு சட்டியாகக் கொண்டுபோய் வைத்துக் காட்டினாள். கடைசியில் சட்டி தீர்ந்து, இரண்டு ஓட்டைக்குக் கைகளை ஏந்தி நின்றாள். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

வெளியே வந்த அம்மா துரையிடம் அங்கேயே சொல்லிவிட்டார்: தகரம் இந்த லயத்துக்கு. மேல் லயத்து ஆட்கள் சந்தோசமாக இருக்கிறார்கள், இவ்வளவு அழகாகப் பூ வளர்க்கிறவர்களுக்கு என்ன குறை?

சேதி மேல் லயத்துக்கு வந்தபோது றோசலின் டேசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வீரம்மா வந்து வெகுநேரம் கதவைத் தட்டினாள்.

"ஏன்டி, எம்மேல கோவமா? நானா கேட்டேன்? அழுத புள்ளதான்டி பால் குடிக்கும். நீ பூவ வச்சிச் சிரிச்சிக்கிட்டு நின்ன. என்னைய அந்தக் களை அழவச்சிருச்சு. கதவத் தொற. மகளக் கொண்டாந்து எங் காம்பராவுல போடு. தகரம் வந்ததும் பாதி எடம் அவளுக்கு."

தகரம் வந்தது, மழைக்கு முன்னாலேயே கீழ் லயத்தில் அடித்தும் முடித்தார்கள். சொன்ன சொல் தவறாத தெரேசா மருமகளைக் கொண்டுவந்து விட்டாள். விட்ட இடம் எது என்று பார்த்ததும் உதட்டைச் சுழித்தாள். "தாய் வீட்டுல பிரசவம்னீங்க. இது வீரம்மா வீடுல்ல சம்பந்தி?" றோசலின் அதையும் விழுங்கிக்கொண்டாள். பெண் குழந்தை பிறந்தது. கொட்டுகிற மழையில் வடிகால் கான் தாண்டி, பத்தியக் கஞ்சியும் காயமருந்தும் தூக்கிக்கொண்டு, தலையில் படங்குச் சாக்கைப் போட்டபடி மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் அவள் நடந்த நடை கொஞ்சமில்லை. வீரம்மாமேல் அவளுக்குக் கோபமில்லை. ஆனால் சொந்தப் பேத்தியை இன்னொருத்தி வீட்டு விருந்தாளியாகப் போய்த் தூக்க வேண்டியிருந்தது அவளை அறுத்தது. மூன்றாம் மாதம் ராகலைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதற்குள் ஒரு ராத்திரியாவது பிள்ளை என் கூரைக்குக் கீழே படுக்காதா என்று ஏங்கினாள்.

தோட்டம் அவளை மறந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பரிசு கொடுத்தார்கள். பூக்களுக்கு நடுவே அவள் கையைத் தூக்கி நிற்கும் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு, கூடவே ஒரு கண்ணாடிப் பூச்சாடியும். படத்தில் பூ இருந்தது, அவள் இருந்தாள், கை இருந்தது. கை காட்டிய கூரை மட்டும் படத்துக்குள் விழவில்லை. பூச்சாடியைச் செபஸ்தியாம்பிள்ளை ஒழுகலுக்குக் கீழே வைத்துப் பார்த்தார். வாய் குறுகல். சொட்டு உள்ளே விழாமல் விளிம்பில் தெறித்துப் பாயை நனைத்தது. அதற்குக்கூட உதவவில்லை.

ஆடியில் மறுபடியும் பெரட்டில் வந்து நின்றார் றோலண்ட் ஐயா. "அந்த அம்மா திரும்ப வர்றாங்க, அவங்க மேலதிகாரியும் கூட வர்றாரு. இன்னொரு லயத்துக்கும் தகரம் இருக்காம். றோசலின், போன தடவ மாதிரி டேசி ஜோராப் பூத்திருக்கணும், என்ன?"

"ஆகட்டுங்க ஐயா," என்றாள் றோசலின் பணிவாக.

அன்று மலையிலிருந்து இறங்கும்போது அவள் கூடையில் கொழுந்து இல்லை. களை பிடுங்குகிற ஆட்கள் பிடுங்கி ஒதுக்கியிருந்த ஊசிக்களையை வேரோடு, மண்ணோடு, முற்றின ஊசியோடு அள்ளிப் போட்டிருந்தாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். கங்காணி, "புத்தி கலங்கிப் போச்சா?" என்றார். வீரம்மா மட்டும் எதுவும் கேட்காமல் தன் கூடையிலும் நிறைய அள்ளிக்கொண்டு கூடவே வந்தாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து டேசிச் செடிகளைப் பெயர்த்தெடுத்துக் கீழ் லயத்து முற்றத்தில் நட்டார்கள். அங்கே இனிப் பூ இருந்தால் குற்றமில்லை. மேல் லயத்துப் பாத்தியில், நாற்று மேடையில் தேயிலை வைக்கிற அதே பதனத்தோடு, றோசலின் களையை நட்டாள். வாசலுக்குப் போகிற வழியின் இருபுறமும், கால் உரசுகிற நெருக்கத்தில்.

வருகிற அன்று காலையில் முன்னோட்டம் பார்க்க வந்த றோலண்ட் ஐயா, பாத்தியைக் கண்டதும் ஆடிப்போனார்.

"என்ன இது? டேசி எங்க?"

"இதுதாங்க ஐயா. நடுவுல மஞ்சக் கண்ணு, சுத்தி வெள்ளை. நீங்கதானே நல்ல சாதின்னு சொன்னீங்க, கைபடாமப் பாத்துக்கச் சொன்னீங்களாமே? துரைகிட்ட வேணும்னா ஐயாவே காட்டித் தந்த ரகம்னு சொல்றேன்."

றோலண்ட் ஐயா ஒரு செடியைப் பிடுங்கக் குனிந்தார். கீழே ஜீப் ஏறிவரும் சத்தம் கேட்டது. பிடுங்க நேரமில்லை. டையைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனார். போகும்போது அவர் காற்சட்டையிலும் பத்துப் பதினைந்து ஊசி கூடவே போனது.

றோசலின் உள்ளே ஓடினாள். முக்காலியைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். இருக்கிற ஓட்டைகளில் எது பெரிது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அதற்கு நேர் கீழே முக்காலியைப் போட்டு, சேலைத் தலைப்பால் துடைத்தாள். வெளியே மலைக்குப் பின்னாலிருந்து மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"மாதாவே, இன்னிக்கு மட்டும் நல்லா ஊத்தட்டும்," என்று கூரையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். அந்த வீட்டுக்குக் குடிவந்த இருபது வருசத்தில் அவள் மழைக்காக வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.